நாற்பத்தெட்டில் ஒரு பங்கு

டெல்ஃபோர்டு கண்காட்சியில் கட்டி முடித்த மாடல் விமானங்கள் வரிசை வரிசையாக நின்ற மேசைகளைச் சுற்றி, காலை வேளையில், தாராளமாக நடக்க இடம் இருந்தது. செக் நாட்டிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்திருந்த கடைகளின் முன்னால்தான் தோளை இடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே தொங்கியவை உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் உறைகள். ஒன்றில் பித்தளையில் கடைந்த நான்கு துப்பாக்கிக் குழல்கள், ஒன்றில் பைலட் இருக்கையின் பட்டைகள், இன்னொன்றில் ஒரு ஜோடி சக்கரம் மட்டும். வந்தவர்களில் பலர் வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். தங்களுக்கு வேண்டிய ஒரே ஓர் உறையைத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள்.

சர்வதேச பிளாஸ்டிக் மாடல் கட்டுவோர் சங்கத்தின் பிரிட்டன் கிளை ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு சனி, ஞாயிறு நடத்தும் கண்காட்சி இது. ஷ்ராப்ஷயர் பகுதியில் இருக்கிறது டெல்ஃபோர்டு. பர்மிங்காமிலிருந்து ரயிலில் போய்விடலாம். பொம்மைக் கடையை எதிர்பார்த்து உள்ளே போகிறவர், ஏதோ ஆராய்ச்சி மாநாட்டுக்குள் நுழைந்துவிட்டோமா என்று திகைத்து நிற்பார்.

முழு விமானமும் அடங்கிய கிட் பெட்டியை வாங்கிய பிறகு, அதன் சக்கரத்தைத் தனியாக ஏன் வாங்க வேண்டும்? கடை ஒன்றில் இருந்த செக் பெண்மணியிடம் இதைக் கேட்டேன். அவர் ஒரு கிட்டின் இருக்கையை எடுத்து அதன் விளிம்பைக் காட்டினார். உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்க்கும்போது சுவர் ஏறக்குறைய 1 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் மூலை முடுக்குக்குப் போய்ச் சேராது. 1:48 அளவில் அந்த 1 மி.மீ., உண்மை விமானத்தில் 48 மி.மீ. ஆகிவிடும். ஆனால் அசல் இருக்கை மெல்லிய உலோகத் தகட்டில் செய்தது. எஃகு அச்சு இரண்டாகத் திறப்பதால், பாகம் நேராக வெளியே வந்தாக வேண்டும். உள்ளே வளைந்த பள்ளம் எதையும் அதில் வார்க்க முடியாது. அச்சு செய்யும் செலவும் பெரிது. ஆகவே கிட் கம்பெனி சிலவற்றை விட்டுக்கொடுத்துத்தான் செய்கிறது. அப்படி விட்டுக்கொடுத்த இடத்தில்தான் இந்தச் சிறு தொழில்கள் பிழைக்கின்றன.

பட்டை போன்ற மெல்லிய பாகங்களுக்கு, பித்தளைத் தகட்டின் மேல் ஒளிபட்டால் இறுகும் பூச்சைப் பூசி, வரைபடத்தின் நெகட்டிவை வைத்து ஒளி பாய்ச்சி, பூச்சு இறுகாத இடங்களை அமிலத்தில் அரிக்க விடுகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், சர்க்யூட் போர்டு செய்யும் அதே வேலைதான். அரித்து முடிந்ததும், ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் பெல்ட் வளையம்கூடத் துளையோடு நிற்கும். செக் நாட்டின் எடுவார்ட் கம்பெனி 1989-இல் தொடங்கி, இந்தப் பித்தளைத் தகடுகளாலேயே உலகெங்கும் பெயர் வாங்கியது. சக்கரம், எஞ்சின் போன்ற உருண்டு திரண்ட பாகங்களுக்கு ரெசின். மூல உருவைச் சுற்றிச் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, அதில் ரெசினை வார்க்கிறார்கள். ரப்பர் வளைந்து கொடுப்பதால், எஃகு அச்சு விடாத பள்ளத்தையும் அது விட்டுவிடும். ஆனால் சில பத்து வார்ப்புகளிலேயே ரப்பர் தேய்ந்து கிழிந்துவிடுகிறது. விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது மூல உருவையும், பல சமயம் பாகத்தையே நேரடியாகவும் முப்பரிமாண அச்சில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சங்க மேசைகள் பக்கம் வந்தபோது ஓர் அட்டை என்னை நிறுத்தியது. ‘போல்டன் பால் டிஃபயன்ட், 264-ஆவது (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்’ என்று எழுதியிருந்தது. அட்டைக்குப் பின்னால் இருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேயர். வுல்வர்ஹாம்ப்டனில் கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்தது சென்னையில் என்றதும் எழுந்து நின்று கைகுலுக்கினார். “உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இந்த அட்டையைப் படிக்க வேண்டும் என்று எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறேன் தெரியுமா?” என்றார்.

இரண்டாம் உலகப் போரில் சென்னை மாகாணம் போர் நிதிக்குக் கொடுத்த நன்கொடையை ஒட்டி, பிரிட்டிஷ் விமானப்படையின் 234, 264 உள்ளிட்ட ஸ்குவாட்ரன்களுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் சேர்ந்தது. 264 ஓட்டியது டிஃபயன்ட். அது விசித்திரமான போர் விமானம். முன்பக்கம் சுடத் துப்பாக்கியே கிடையாது. பைலட்டுக்குப் பின்னால் சுழலும் கண்ணாடிக் கூண்டில் இன்னொருவர் உட்கார்ந்து நான்கு பிரவுனிங் துப்பாக்கிகளை இயக்குவார். 1940 மே 29 அன்று பிரான்சின் டன்கர்க் வானில் 264 ஸ்குவாட்ரன் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னது. பிற்பாடு ஜெர்மானியப் பதிவுகளோடு ஒப்பிட்டவர்கள் அது மிகை என்று கண்டார்கள். முன்னாலிருந்து வந்தால் டிஃபயன்ட்டால் திருப்பிச் சுட முடியாது என்பதை எதிரி சீக்கிரம் புரிந்துகொண்டான். ஆகஸ்ட் கடைசியில் ஸ்குவாட்ரன் பலத்த இழப்பைச் சந்தித்தது. அதற்குப் பிறகு டிஃபயன்ட்டுக்கு இரவு வேலைதான். கூண்டில் இருந்தவர்களின் நிலைமை கொடுமையானது. கூண்டைச் சுழற்றும் மின்சாரம் அறுந்துபோனால் வெளியே குதிப்பது பெரும் பாடு.

அந்த ஆங்கிலேயர் தம் வீட்டுக்கு அழைத்தபடியே வுல்வர்ஹாம்ப்டனுக்குப் போனேன். 1936-இல் நாரிச்சிலிருந்து இந்த ஊரின் பெண்டஃபோர்டு பகுதிக்கு இடம் மாறிய போல்டன் பால் தொழிற்சாலையில்தான் டிஃபயன்ட் உருவானது. அவருடைய அம்மா போர்க்காலத்தில் அங்கே ரிவெட் அடித்தவர். தோட்டத்துக் கொட்டகையில் ஒரு மேசை, விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி, ஏர்பிரஷ். ரெசின் அறுக்கும் மூலையில் மட்டும் ஒரு வாளித் தண்ணீர். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகமூடி போட்டுக்கொண்டு, உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்கிறார். புதிதாக இந்தப் பழக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பேன்.

அன்று கூண்டின் வேலை. கிட்டோடு வந்த பிளாஸ்டிக் குழல்களை ஒட்ட வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய இடத்தின் நடுவில் ஊசியால் ஒரு புள்ளி குத்தினார். அந்தப் புள்ளி தப்பினால் துளையும் தப்பும். தலைமுடியைவிடச் சற்றே பருத்த துளைப்பானை விரல்களுக்கிடையில் உருட்டி உருட்டித் துளை போட்டார். மோட்டார் வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடுமாம். பித்தளைக் குழலைச் சாமணத்தால் எடுத்து, அதன் அடியைச் சூப்பர் குளூவில் லேசாகத் தொட்டு, துளையில் நிறுத்தினார். குழலைச் சுற்றியிருந்த காற்றுத் துளைகள் உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நான்கையும் நிறுத்தியபின், முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, நான்கும் ஒரே கோட்டில் நிற்கும்வரை பசை இறுகுமுன் நகத்தால் தட்டித் தட்டிச் சரிசெய்தார். கடைசல் பட்டறையில் பழகிய கை. அவசரம் என்பதே அந்தக் கைக்குத் தெரியவில்லை.

கூண்டுக்கு முன்னும் பின்னும் விமானத்தின் முதுகில் இரண்டு மூடிகள் உண்டு. துப்பாக்கி சுழல வேண்டுமானால் அவை கீழே இறங்க வேண்டும். துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு மூடியை மேலே நிற்க விட்டால், தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். “கிட்டில் இரண்டுக்கும் பாகம் இருக்கலாம். எது எதோடு சேரும் என்பதை நாம்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்” என்றார்.

டிஃபயன்ட்டுக்குக் கிடைக்கும் துணைப் பாகங்கள் எல்லாவற்றையும் அவர் வாங்கவில்லை. குழல், இருக்கைப் பட்டை, கண்ணாடிக் கூண்டுக்கு வண்ணம் படாமல் ஒட்டும் மறைப்புத் தாள், அவ்வளவுதான். ரிவெட் உருளையால் உடல் முழுக்கப் புள்ளி குத்துவது இப்போது பெரிய மோகம். அவர் அதைச் செய்ய மறுக்கிறார். டிஃபயன்ட்டின் ரிவெட்டுகள் மேல்தகட்டோடு சமமாக அடித்தவை. 4 மி.மீ. தலையுள்ள ரிவெட் 1:48-இல் 0.08 மி.மீ. அதைக் கண் பார்க்காது. “கைக்குத் தட்டுப்படக் கூடாது என்று சொல்லித்தான் அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். அவர் மறைத்ததை நான் ஏன் குத்திக் காட்ட வேண்டும்?” இந்தக் கலையில் நான் கேட்ட வாதங்களிலேயே உயர்ந்தது இது. உறை உறையாக வாங்கி ஒட்டுவதால் மாடல் உண்மையாகிவிடாது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்குக் கையில் காரணம் இருக்க வேண்டும்.

வண்ணத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மேல்பக்கம் கரும்பச்சையும் மண்பழுப்பும். அதில் சண்டை இல்லை. அடிப்பக்கம் என்ன நிறம்? டிஃபயன்ட் என்றதும் பலரும் ‘ஸ்கை’ என்கிற வெளிர்பச்சை கலந்த நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். அந்த நிறத்துக்கான உத்தரவு வந்தது 1940 ஜூனில். அதற்கு முன்னால் பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிப்பக்கத்தில் ஓர் இறக்கை கறுப்பு, மற்றொன்று வெள்ளை. மே 29-ஆம் தேதி விமானத்தைக் கட்டுகிறவர் ஸ்கை அடித்தால் அது ஜூனுக்குப் பிந்திய விமானமாகிவிடும். கொட்டகையில் அவருடைய மேசையில் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும், தேதி எப்படித் தெரிந்தது என்பதைப் பென்சிலால் குறித்திருந்தார். புகைப்படம் இல்லாத பக்கத்துக்கு அவர் எழுத்தும் எண்ணும் ஊகித்து ஒட்டுவதில்லை. இரண்டு பக்கமும் படம் கிடைக்கும் வேறு விமானத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

மொத்தம் 1,064 டிஃபயன்ட்டுகள் செய்யப்பட்டன. முழுதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. என்1671 என்ற அந்த விமானம் பக்கத்திலேயே காஸ்ஃபோர்டு விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இருவரும் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். போலந்துக்காரர்களின் 307-ஆவது ஸ்குவாட்ரனில் இருந்த இரவு விமானம். உடல் முழுக்கக் கறுப்பு. கூண்டின் அருகில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அந்த இடத்தின் குறுகல் உறைத்தது. கனத்த உடையோடு ஒரு மனிதர் அதற்குள் எப்படி உட்கார்ந்தார், எப்படித் திரும்பினார் என்பது எந்தப் படத்திலும் தெரியாது. என்னோடு வந்தவர் கூண்டின் கம்பிச் சட்டங்களை எண்ணிக் குறித்துக்கொண்டார். வண்ணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். “இது புதுப்பித்தபோது அடித்த பெயின்ட். வடிவத்துக்கு இது சாட்சி. நிறத்துக்குச் சாட்சி இல்லை” என்றார்.

கொட்டகையில் அவர் முடித்து வைத்திருந்த மாடலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இறக்கையின் முனையிலிருந்து முனை வரை 25 செ.மீ. இணைப்புக் கோடுகள் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதபடி பட்டி பார்த்துத் தேய்த்திருந்தார். 264-இன் அடையாளமான ‘பி.எஸ்.’ என்ற எழுத்துகள், மென்மையாக்கும் திரவத்தில் இளகித் தகட்டுக் கோடுகளுக்குள் இறங்கி, அடித்த வண்ணம் போலவே படிந்திருந்தன. எஞ்சின் புகை படிந்த கறை கொஞ்சம், அவ்வளவே. அழுக்கேற்றுவதில் பலர் எல்லை மீறுகிறார்கள். புதிதாக வந்த ஸ்குவாட்ரனின் சில மாத வயதுள்ள விமானம் எவ்வளவு அழுக்காகியிருக்கும் என்று அவர் யோசித்திருந்தார்.

சென்னையிலும் கோவையிலும் கிட் கட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஸ்பிட்ஃபயரையும் மஸ்டாங்கையும் எல்லோரும் கட்டுகிறார்கள். நீங்கள் டிஃபயன்ட்டைக் கட்டுங்கள். ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1:72, 1:48 இரண்டு அளவிலும் கிட் போட்டிருக்கிறது. முதல் மாடலுக்குத் துணைப் பாகம் எதுவும் வேண்டாம். நல்ல கத்தி, உப்புத்தாள், பொறுமை போதும். அந்தப் போர் நமக்குச் சொந்தமா என்று விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பணமும் பெயரும் சேர்ந்த ஒரு ஸ்குவாட்ரனின் விமானம் என்ன வடிவம், என்ன நிறம் என்று வுல்வர்ஹாம்ப்டன் கொட்டகையில் ஒருவர் ஆதாரம் தேடிக்கொண்டிருக்கும்போது, நாம் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் இருப்பது சரியில்லை. கட்டி முடித்ததும் பள்ளியிலோ நூலகத்திலோ ஒரு மேசை கேட்டு வையுங்கள். பக்கத்தில் ஓர் அட்டையில், இது எந்த நாளின் விமானம், அந்த நிறத்துக்கு உங்களிடம் உள்ள ஆதாரம் எது என்பதையும் எழுதி வையுங்கள்.