தலைப்பின் அடக்கம்

ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பைக் கண்டதுமே அஞ்சி ஏட்டை மூடிவிடுவோர் நம்மிற் பலர். தலைப்போ நீளம், வினைமுற்றும் பெரும்பாலும் இராது. ஆயினும் அவ்வமைப்பில் ஒரு நேர்மை உண்டென்போம்.

1897-ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் பிரிட்டிஷ் மருத்துவ ஏடொன்றில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பைத் தமிழிற் சொல்வதானால், 'மலேரியா இரத்தம் ஊட்டப்பெற்ற இரு கொசுக்களிற் காணப்பட்ட, நிறத்துகள் கொண்ட சில விசித்திர உயிரணுக்களைப் பற்றி' என்பதாகும். மலேரியாவின் மர்மத்தை வென்றேன் என்று அவர் முழங்கினாரில்லை. 'சில' என்றார், 'இரு' என்றார், 'பற்றி' என்றதோடு நிறுத்தினார். கண்டது எவ்வளவோ அவ்வளவே தலைப்பு. மனிதரின் மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதற்கு அதுவே முதற்சான்று.

அவ்வழியில் விளைந்த அறிவைக்கொண்டே 1901-இல் கிள்ளானில் சதுப்பு நிலங்களுக்கு வடிகால் வெட்டினர். தோட்டங்களிற் காய்ச்சலுக்கு இரையாகி வந்த நம்மவர்க்குப் பின்னாளில் உயிர் காத்ததும் அவ்வறிவே.

நம்மிடையே 'சர்வரோக நிவாரணி' என்னும் தலைப்புகளுக்குக் குறைவில்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேர் பிழைத்தனர் என்ற கணக்குத்தான் இல்லை. சொன்னது எவ்வளவு, கண்டது எவ்வளவு என்று தலைப்பிலேயே அளந்து பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். பகுத்தறிவு அங்கேதான் தொடங்குகிறது.