கல்வெட்டும் இணையத்தளமும்

வேலை தேடும் இளைஞன் நற்சான்றுப் பத்திரங்களை உறையிலிட்டுக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய காலம் ஒன்றிருந்தது. சித்திரம் பயின்றவனாயின் பெரியதொரு பையில் தன் படங்களையும் சுமந்து செல்வான். இன்று வரைகலை வடிவமைப்புப் பயிலும் மாணவனிடம் எவரும் பையைக் கேட்பதில்லை. இணையத்தள முகவரியையே கேட்கின்றனர். தன் படைப்புக்களைத் தொகுத்துத் தளமொன்றில் வைத்தல் அவனுக்குப் பரீட்சைக்கு நிகரான கடமையாகிவிட்டது.

எம்மிடம் உயர்தர வகுப்பில் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் இப்பொழுது கொழும்பில் இக்கலையைப் பயில்கின்றார். விளம்பர நிறுவனமொன்றிற் பயிற்சி பெறுவதற்கு விண்ணப்பிக்கும் பொருட்டுத் தாம் அமைத்த தளத்தைச் சென்ற விடுமுறையில் எமக்குக் காட்டினார். "ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ, சேர்" என்றார். பார்த்தோம். நாற்பது படைப்புக்கள் இருந்தன. இல்லாத கோப்பிக் கடைகளுக்குச் சின்னங்கள், எவரும் விற்காத சப்பாத்துக்களுக்கு விளம்பரங்கள். யாவும் அழகியவை, யாவும் எங்கோ கண்டவை. 2005இல் தோன்றி, 2012இல் அடோபி நிறுவனத்தின் கைக்குச் சென்ற பிஹான்ஸ் போன்ற காட்சித் தளங்களை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது நேர்வது இயல்பே. ஆயினும் நாற்பதிலும் ஒரு தமிழெழுத்தேனும் இல்லாமை எம்மை உறுத்திற்று.

ஏனெனில், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில் இவர் யாழ்ப்பாணத்து அச்சகமொன்றில் வேலை பார்த்தவர். மகோற்சவ விஞ்ஞாபனம், திருமண அழைப்பிதழ், எல்லாவற்றினும் மேலாகக் கல்வெட்டு. கல்வெட்டென்றதும் சோழர் சாசனத்தை நினையாதீர்கள். இறந்தவரின் முப்பத்தொராம் நாளில் உறவினர்க்கு வழங்கப்படும் நினைவு நூலுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி யாவும் அதில் அடங்கவேண்டும். நாளோ ஒரு மாதத்துக்கும் குறைவு. அடையாள அட்டையிலுள்ள மங்கிய படத்தை முழுப்பக்கத்துக்குப் பெருப்பிக்கவேண்டும். பெயர் ஒன்று விடுபட்டால் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடும்!

அவர் அமைத்த கல்வெட்டொன்று எம்மிடம் இருந்தது. எட்டுப் பிள்ளைகள், இருபத்தொரு பேரர். ஊரிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலுமாகச் சிதறியவர்கள். வழக்கம் போலப் பெட்டிகளையும் கோடுகளையும் அடுக்கினால் எழுத்து எறும்பளவாகிவிடும். இவர் பனையோலை ஒன்றை விரித்தாற்போல வரைந்து, ஈர்க்குக்கு ஒரு பிள்ளையாக, அதன் வழியே பேரரை நிறுத்தியிருந்தார். முதியவர்களும் கண்ணாடியின்றி வாசிக்கலாம். அதனை எடுத்துக்காட்டி, "இது ஏன் தம்பி அங்கே இல்லை?" என வினவினோம்.

"அது ஊர் வேலை, சேர். கொழும்பிலை உதை ஆர் பாப்பினம்?"

அவர் வெட்கப்பட்டார் என்பதே உண்மை. எமக்கு வந்தது கோபம். கற்பனைக் கடைக்குச் சின்னம் வரைபவனுக்கு இடையூறு ஏது? இடமும் நாளும் பணமும் துக்கமும் நெருக்க, அவற்றினிடையே ஒரு வழி காண்பதன்றோ வடிவமைப்பு! நாற்பதை எட்டாக்கும்படியும், ஓலைக்கு முன் வரைந்து கைவிட்ட படிகளையும் காரணத்தோடு வைக்கும்படியும் சொன்னோம். நெடுநேரம் வாதிட்டு ஒருவாறு இணங்கினார்.

இணங்கிய பின்னரே வேலை மிகுந்தது. பழைய கோப்புக்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதில் தமிழெழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் அமர்ந்திருப்பதால், அவ்வுரு இல்லாத கணினியில் தேவாரமும் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகும். அனைத்தையும் யுனிகோட்டுக்கு மாற்றினார். அச்சுக்கு நால்வகை மை. திரைக்கோ செம்மை, பசுமை, நீலம் என மூவகை ஒளி. ஆதலின் நிறங்களையும் சீர்செய்தார். கைத்தொலைபேசியில் விரைந்து திறக்கும்படி படங்களின் பருமனைக் குறைத்தார். தமக்கென ஒரு முகவரியும் வாங்கினார். இது நன்று. ஜியோசிற்றீஸ் 2009இல் மூடப்பட்டபோது பலருடைய பக்கங்கள் அதனோடு போயின. 2020 முடிவில் பிளாஷ் கைவிடப்பட, அதனை நம்பிய தளங்களும் இருண்டன. பிறர் திண்ணையிற் கடை விரிப்பவன் மூலப்பிரதியை வீட்டில் வைத்திருக்கவேண்டும்.

இன்னுமொன்று எஞ்சியிருந்தது. கல்வெட்டு உறவினர்க்கென அச்சிட்டது, உலகுக்கன்று. அவ்வீட்டாரைக் கேளாமல் ஏற்றலாகாதென்றோம். இருவருமாகச் சென்றோம். இறந்தவரின் மனைவியார் கைத்தொலைபேசியை வாங்கி ஓலையை நெடுநேரம் பார்த்தார்.

"போடு மோனை. ஆனால் அவற்றை படத்தையும் பிள்ளையளின்ரை பேரையும் எடுத்துவிடு" என்றார்.

மாணவர் அங்கேயே இருந்து பெயர்களை நீக்கிக் காட்டினார். வெறும் ஈர்க்குகள் மட்டும் நின்றன. நாம் எழுந்தபோது அம்மையார் மறுபடியும் அழைத்தார்.

"கனடாவிலை இருக்கிற மூத்தவனுக்கும் அனுப்பிவிடு. அவன் செத்தவீட்டுக்கு வரேல்லை. பேர் இல்லாட்டிலும் தன்ரை ஈர்க்கு எதெண்டு அவனுக்குத் தெரியும்."