அட்டையில் வளரும் குளவிகள்

தாமிரபரணிப் பாசனத்தில் கார் நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் நாட்களில், குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் தலைகாட்டுமுன்பே அவற்றின் முட்டைகளைத் தேடி அழிக்கவல்ல ஒரு நுண்ணிய குளவியை அம்பாசமுத்திரத்துக்கு அண்மையில் ஒரு கூடத்தில் பெண்கள் வளர்த்து வருகிறார்கள் என்று கேள்வியுற்று, அதைப் பிரத்தியட்சமாகக் காணச் சென்றேன்.

டிரைக்கோகிரம்மா என்னும் அக்குளவி அரை மில்லிமீட்டர் நீளந்தான். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் அது தன் முட்டையைச் செலுத்திவிட, உள்ளே பிறக்கும் குளவிப்புழு அம்முட்டையின் சாரத்தையே உண்டு வளர்வதால், பயிரைத் தின்ன வேண்டிய புழு பிறவாமலே போகிறது.

குளவியை வளர்க்க முதலில் அதற்கு இரை வேண்டும். இரையோ அரிசி அந்துப்பூச்சியின் முட்டை. இரண்டரைக் கிலோ கம்பை இரண்டு மூன்றாக உடையும்படி திரித்து, சூடேற்றிக் கிருமி நீக்கி, நிலக்கடலைப் பொடியும் ஈஸ்ட்டும் சிறிது கந்தகமும் கலந்து தட்டில் பரப்பி, முட்டைகளைத் தூவித் துணியால் மூடி வைத்தால், ஏறக்குறைய நாற்பது நாட்களில் அந்துகள் எழும்பத் தொடங்குகின்றன. அவற்றைப் பிடித்துக் கூண்டிலிட்டு, பஞ்சில் தேன்நீர் கொடுத்து, கீழே உதிரும் முட்டைகளைச் செதிலும் காலும் நீங்கச் சலிக்கிறார்கள். ஒரு சி.சி. அளவில் 18,000 முதல் 20,000 முட்டைகள் இருக்கும். நான் குனிந்தபோது, “மூச்சை விட்டுராதீய சார், அம்புட்டும் பறந்துரும்” என்றார் நெடுநாளாக அங்கே வேலை பார்க்கும் அம்மையார். பசை தடவிய அட்டையின்மேல் அவர் தேநீர் வடிகட்டியைத் தட்டிய தாளத்தில், ஒன்றன்மேல் ஒன்று விழாமல் முட்டைகள் ஒரே படலமாக அமைந்தன. புறஊதா விளக்கில் 20 நிமிடம் காட்டி அந்து பொரியாதபடி செய்தபின், அட்டையைக் குளவிகளோடு பையில் அடைக்கிறார்கள். மூன்று நான்கு நாட்களில் வெண்முட்டைகள் கன்னங்கரேலென்று கறுத்துவிடுகின்றன. கறுக்காத முட்டை வீண்.

கூடமெங்கும் அந்தின் சிறகுச் செதில்கள் கண்ணுக்குப் புலப்படாத தூசியாக மிதக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இதைச் சுவாசிப்பவர்க்கு இருமலும் இழுப்பும் வருவது தெரிந்த விஷயமே. முகமூடியும், தூசியை இழுக்கும் இயந்திரமும் அட்டையின் விலையிலேயே சேர வேண்டிய செலவு என்பதும், தினக்கூலிக்கு உழைக்கும் இவர்கள் அதைக் கேட்டுப் பெறும் நிலையில் இருத்தலாகாது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

அன்று மாலையே அட்டை கட்டும் வயலுக்குப் போனேன். இலைச்சுருட்டுக்கு நடவிலிருந்து 37, 44, 51ஆம் நாட்களில், ஹெக்டேருக்கு 5 சி.சி. வீதம், அட்டையைத் துண்டுகளாக்கி இலையின் அடிப்பக்கத்தில் பொருத்துகிறார்கள். வரப்பு நெடுக உளுந்தும் தட்டப்பயறும் பூத்திருந்தன. பழுப்பு ரோமம் போர்த்த குருத்துப்பூச்சி முட்டைக்குவியல் ஒன்றை வயலுக்குரிய பெரியவர் இலையோடு கிள்ளிக் காட்டினார். அத்தகைய குவியலின் முட்டைகளை அழிக்கும் டெட்ராஸ்டிகஸ், டெலினோமஸ் ஆகிய குளவிகள் எந்த அட்டையிலும் வந்தவையல்ல. தேனும் ஒதுங்க இடமும் உள்ள வரப்பை அண்டித் தாமாகவே வாழ்பவை. காப்பிக்கும் இதுவே நியதி: 1990இல் கூடலூரில் காய்த்துளைப்பான் தென்பட்டபின் மெக்ஸிகோவிலிருந்து குளவியைத் தருவித்தார்கள் என்றாலும், பலவகை நிழல்மரங்கள் கலந்த தோட்டத்தில் தருவிக்காத குளவிகளுக்கும் வாழ்வு உண்டு. கூடத்தில் விருத்தியாவது ஓரினம். வரப்பைச் செதுக்கி மருந்தடித்தால் நாம் இழப்பது பல இனம்.

“பக்கத்து வயல்ல மருந்து அடிச்சா நம்ம குளவியும் போயிரும்லா சார்” என்ற பெரியவர், ஒரே மடையில் நீர் பாயும் அண்டை வயல்காரர்களிடம் முன்னதாகவே பேசி, அவர்கள் பங்குக்கும் அட்டை வாங்கி வந்திருந்தார். இருட்டுமுன் அதையும் கட்டி முடிக்க வேண்டுமென்று, என்னிடமும் ஒரு கற்றையைக் கொடுத்தார்.