பச்சை மை

ஆகஸ்ட் 4

அறிவிக்கை வந்துவிட்டது. கோத்தகிரியிலிருந்து வரும் கடைசி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனில் படித்தாள். தரைப்படையில் என்.சி.சி. சிறப்பு நுழைவு, பெண்களுக்கும் உண்டு. வயது 19 முதல் 25 வரை. பட்டப்படிப்பில் 50 சதவீதம். என்.சி.சி. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு. மூன்றும் அவளிடம் இருக்கின்றன. எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பங்களைச் சலித்தெடுத்து நேராக ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள். தேறினால் சென்னை பரங்கிமலை அகாடமியில் 49 வாரப் பயிற்சி.

அந்த அகாடமி 1963-ல் தொடங்கியது. பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1992-ல்தான். அந்த வருஷம் அவளுடைய அம்மா எட்டாம் வகுப்போடு நின்று, கீழ் கோத்தகிரித் தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமந்துகொண்டிருந்தாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நமக்கு யாரு பாப்பா சிபாரிசு கடுதாசி குடுப்பா?”

இந்த நோட்டில் ‘நான்’ வரக்கூடாது என்பது என்.சி.சி. மேடம் போட்ட விதி. எஸ்.எஸ்.பி.யில் ஒரு தாள் உண்டு. பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய், இனி எப்படிப்பட்டவளாக விரும்புகிறாய் என்று ஐந்து பத்தி, பதினைந்தே நிமிஷம். தன்னை வெளியே நின்று பார்த்து எழுதிப் பழகு என்றார். ஆகவே இங்கே எல்லாம் ‘அவள்’.

ஆகஸ்ட் 5

முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். அவளிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்.

ஆகஸ்ட் 9

நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் ஒரு வரி.

விண்ணப்பிக்கத் தகுதியானவர்கள் பட்டியலில் முதலில் இந்தியக் குடிமக்கள். பிறகு நேபாளத்தவர். அதற்கும் கீழே, பாகிஸ்தான், பர்மா, இலங்கை, கென்யா, உகாண்டா என்று நீளும் நாடுகளிலிருந்து நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினர். இவர்கள் மத்திய அரசிடம் தகுதிச் சான்று வாங்கிவர வேண்டும்.

இலங்கை என்ற சொல்லில் கண் போய் நின்றுவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான இந்த லயனில் பாதி வீடுகளை ஊர் இன்னும் ‘சிலோன்காரங்க’ என்றுதான் சொல்கிறது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்த லட்சங்களில் ஒருவர் தாத்தா. யாரும் அவரைக் கேட்டு முடிவு செய்யவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, குளிரே பழகியிராத பிள்ளைகளோடு நீலகிரி ஏறினார்.

அந்த வரிப்படி அவள் யார்? தகுதிச் சான்று வேண்டுமென்றால் எங்கே போய் வாங்குவது, யாரிடம் கேட்பது? அப்பாவிடம் சொல்லவே பயமாக இருந்தது. இன்றைக்குத்தான் சொன்னாள்.

அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். மேலே அம்மாவின் கல்யாணப் புடவை, அதன் கீழே ரேஷன் கார்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய தாத்தாவின் பாஸ்போர்ட். கண்டியில் இந்திய அலுவலகம் கொடுத்தது. அட்டையின் ஓரம் கரையான் தின்றிருந்தாலும் முத்திரை தெளிவாக இருக்கிறது. குழந்தைகள் பக்கத்தில் அப்பாவின் பெயர், எதிரே வயது 5. அப்பா அந்த வரியில் விரலை வைத்தார், எடுக்கவில்லை.

“கப்பல்ல ஏறும்போதே நாம இந்தியாக்காரங்க பாப்பா.”

ஆகஸ்ட் 10

மேடத்துக்குப் போன். “நீ 2003-ல கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில பொறந்தவ. உங்கப்பா குடிமகன். நீ முதல் வரியில இருக்கற ஆள். கடைசி வரியை ஏம்மா போட்டு உருட்டறே?” 

மத்தியானம் ரெண்டு தட்டு சோறு.

ஆகஸ்ட் 17

சிபாரிசுக் கடிதம் வேண்டாம் என்றாலும் அப்பா கேட்கவில்லை. அரைநாள் கூலியை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு துரை பங்களாவுக்குப் போனார். மேனேஜரை இன்றும் துரை என்று சொல்வது அவளுக்குப் பிடிக்காது. ஒன்றரை மணி நேரம் வெளியே நின்றார்கள். அவர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், என்ன படித்தாய் என்று கேட்டார், உடனே கிளார்க்கை அழைத்து டைப் அடிக்கச் சொன்னார். நான்கு வரி ஆங்கிலம்: இவரைப் பல ஆண்டுகளாக அறிவேன், நன்னடத்தை உடையவர், உழைப்பாளி, வாழ்த்துகள்.

அவர் அவளைப் பார்த்தது இன்றுதான் முதல் தடவை.

திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. அப்பா கடிதத்தைச் சட்டைக்குள் வைத்து, பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆகஸ்ட் 19

சான்றிதழ் நகல்களில் நீல மையில் கையெழுத்து இருந்தால் செல்லாது, பச்சை மை வேண்டும் என்று அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பச்சை மை என்றால் கெஸட்டட் ஆபீசர். கீழ் கோத்தகிரியில் அவர்களுக்குத் தெரிந்த கெஸட்டட் ஆபீசர், அவள் படித்த அரசுப் பள்ளியில் அப்போது ஆசிரியையாக இருந்து இப்போது பக்கத்து ஊரில் தலைமை ஆசிரியையாக இருப்பவர்.

நகல்களுக்குச் சுய கையொப்பமே போதும் என்று பல இடங்களில் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அப்பா நம்பவில்லை. பதினான்கு நகல்களை எடுத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டார். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்து, ‘உண்மை நகல்’ முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்திட்டார். ஒன்பதாவது நகலில் மை தீர்ந்து, புது ரீஃபில் போட்டார்.

கல்லூரி மாற்றுச் சான்றிதழ் வந்தபோது நிறுத்தினார். ‘நடத்தை: நன்று’ என்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு சொல்.

“பஸ் வராத அன்னைக்கு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க நாலு பேரை லயன் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனவ நீதானே? வளைவுல காட்டெருமை நிக்குதுன்னு எல்லாரையும் திருப்பி, மேல்ரோட்டுல சுத்திக் கொண்டுபோய் விட்டியே. அப்போ ஆறாவதா, ஏழாவதா?”

அவளுக்கு அது நினைவில்லை. டீச்சர் அடுத்த நகலை எடுத்தார்.

செப்டம்பர் 2

கோத்தகிரி மார்க்கெட் மேலே, மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஐயா வீடு. பயிற்சிக் காலம் வெலிங்டன், பிறகு காஷ்மீர், நாகாலாந்து. அவரிடமும் ஒரு கடிதம் கேட்க அப்பாதான் அனுப்பினார்.

அவர் கடிதம் தரவில்லை. டீ தந்தார்.

“சிபாரிசு அங்க அவங்க பண்றதும்மா. நாம கொண்டுபோறது இல்ல. அஞ்சாம் நாள் தேறினவங்களை ‘ரெக்கமண்டட்’னுதான் சொல்வாங்க, கேட்டதில்லையா?”

கேட்டிருக்கிறாள். அந்தச் சொல்லின் பொருளை இப்படிப் பார்த்ததில்லை.

இரவு அதைப் பற்றியே படித்தாள். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் பிரிட்டன் தன் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியர்களுக்கு ஒதுக்கியது வருஷத்துக்கு 10 இடம். பெரிய குடும்பமும் அதிகாரிகளின் நல்ல வார்த்தையும் இல்லாமல் அந்தப் பத்துக்குள் நுழைவது கடினம். டேராடூனில் 1932 அக்டோபர் 1-ல் இந்திய ராணுவ அகாடமி திறந்தபோது முதல் அணியில் 40 பேர். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்டில் சேர இன்றும் பொதுவாக ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோ துணை அதிபரோ பெயரை முன்மொழிய வேண்டும். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின் நடுவே, எந்தப் பள்ளி, யார் மகன் என்று கேட்டு எடுத்தவர்களில் பலர் அதிகாரிப் பயிற்சியில் தேறாமல் திரும்பிவந்தார்கள். 1942-ல் அங்கே தேர்வுக் குழுக்கள் வந்தன. இளைஞர்களைச் சில நாள் ஒரே வீட்டில் தங்க வைத்து, பெயருக்குப் பதில் எண்ணைக் கட்டி, கட்டையும் கயிறும் கொடுத்துப் பள்ளத்தைத் தாண்டச் சொல்லி, மனநல வல்லுநர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எஸ்.எஸ்.பி. அந்த வழியில் வந்தது.

பெயருக்குப் பதில் எண். லயனில் பிறந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேடத்துக்குப் புரியுமா?

அப்பாவுக்குப் போன அரைநாள் கூலியை நினைத்தால் இன்னும் எரிகிறது.

செப்டம்பர் 26

அழைப்பு வந்தது. பெங்களூரு. அக்டோபர் 24. கொண்டுவர வேண்டியவை பட்டியலில் பரிந்துரைக் கடிதம் என்று எதுவும் இல்லை.

அம்மா அழுதாள். அப்பா ஸ்வெட்டர் வாங்கப் போனார்.

அக்டோபர் 8

ஐந்து பத்தித் தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தாள். ‘என் பெற்றோர் என்னைப் பொறுப்பான மகளாகக் கருதுகிறார்கள்.’ எல்லோரும் எழுதும் வரி. கிழித்துப் போட்டாள். அம்மாவிடமே கேட்டாள். அம்மா விரலில் ஏறிய கொழுந்துக் கறையைப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கோவக்காரி.”

“அப்புறம்?”

“சின்னதுல கொழுந்து நிறுக்கற இடத்துக்கு வருவ. தராசு முள்ளப் பார்த்து சத்தமாப் படிப்ப. பதினெட்டுன்னு நீ சொன்னா அவரு பதினாறுன்னு எழுத முடியாது. பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் உன்னை என்கிட்ட கடன் கேப்பாங்க.”

முதல் பத்தி பதினோரு வரி வந்தது. ஆசிரியர் பத்தியில் காட்டெருமை வந்தது. நேரம் போதவில்லை.

அக்டோபர் 12

அப்பாவிடம் கேட்கவில்லை.

அக்டோபர் 20

மூன்று நாளாக விடாத மழை. கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்த வாரம் எந்தெந்த ரோடு இல்லாமல் போனது என்று அப்பா வரிசையாகச் சொல்கிறார். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்ததாகச் செய்தி. ரோடு அடைத்தால் குன்னூர், குன்னூரும் அடைத்தால் ஊட்டி சுற்றி மைசூர் என்று அவரே மூன்று வழி போட்டு வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் பஸ் நேரம் எழுதியிருக்கிறார். இதை எப்போது விசாரித்தார்?

அக்டோபர் 23, விடியற்காலை

ரோடு திறந்திருக்கிறது. டார்ச் அடித்துக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். ஃபைலை இரண்டு பாலிதீன் கவரில் போட்டு அவரே சுமந்தார். பஸ் ஏறும்போது சட்டைக்குள்ளிருந்து துரை கடிதத்தை எடுத்தார். மடிப்பில்லாமல் இருந்தது. இரண்டு மாதமும் தகரப் பெட்டியில் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறார்.

“வேணாம்னாலும் வச்சுக்க.”

வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 24

காலையில் சான்றிதழ் சரிபார்ப்பு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பட்டம், என்.சி.சி. பச்சை மை நகல்கள் எல்லாம் வரிசையில். கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. ஹவில்தார் எடுத்து, இது என்ன என்று ஹிந்தியில் கேட்டார்.

“அப்பா கொடுத்தது, சார்.”

அவர் பார்த்துவிட்டு, ஓரம் மடங்காமல் திரும்ப ஃபைலில் செருகிக் கொடுத்தார். மார்பில் கட்ட எண் 31.

அறிவுத்திறன் தாளும் படம் பார்த்துக் கதை எழுதுவதும் முடிந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் எண்களை வாசிப்பார்கள். வராத எண்களுக்கு இன்று மாலையே ரயில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எண் 30 கேரளத்துப் பெண், கை நடுங்குகிறது. அந்தப் பெண்ணுக்குப் பாதி சாக்லேட்.