அக்பருக்கு அளவெடுத்தவர்

தையல் மிஷின் ஓடுகிற இடத்தில் பாட்டுக் கேட்க முடியாது என்று நினைப்பவர்கள் புதியம்புத்தூருக்கு வந்து ஒரு ராத்திரி தங்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின மாதம் வந்தால் இன்னும் நல்லது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் பவர் மிஷின் சத்தம், அதற்கு மேலே ஒரு பாட்டு. உள்பாவாடையும் நைட்டியும் சிறுமிகளின் கவுனும் குவிந்து கிடக்கும் அறைகளில் கண்ணும் கையும் காலும் துணிக்குப் போய்விடுகின்றன. மிச்சம் இருப்பது காது. அதைப் பாட்டுக்குக் கொடுத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

என் காது இந்த நாட்களில் ‘அக்பர்’ படத்தில் நிற்கிறது. கே. ஆசிப் எடுத்து 1960 ஆகஸ்டில் வெளியான ‘முகல்-ஏ-ஆசம்’ படத்தின் தமிழ் வடிவம் அது. 1961-இல் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போனது. இந்தி, தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிக்குமாகக் காட்சிகளை எடுத்து வைத்திருந்தார் ஆசிப். ஆனாலும் தமிழில் கடைசியில் வந்தது டப்பிங் படமாகத்தான். தமிழில் ஓடாததால் ஆங்கிலத்தைக் கைவிட்டுவிட்டார்கள். படம் போனாலும் பாட்டு போகவில்லை. நௌஷாத்தின் மெட்டுகளில் பி. சுசீலா தமிழில் பாடியிருக்கிறார். தேடினால் போனில் கிடைக்கிறது.

கண்ணாடி மாளிகையில், சக்கரவர்த்தி அக்பரின் முகத்துக்கு நேரே, அவர் மகன் சலீமின் காதலி அனார்கலி, காதலித்தவள் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கும் பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். லதா மங்கேஷ்கர் இந்தியில் பாடியதை உலகமே அறியும். எதிரொலி வேண்டும் என்பதற்காக நௌஷாத் அவரை ஸ்டூடியோவின் குளியலறையில் நிற்க வைத்துப் பாட வைத்தார் என்று சொல்வார்கள். சுசீலாவின் தமிழுக்கு அப்படிக் கதை எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் குரலில் ஒரு நிதானம் இருக்கிறது. லதாவின் அனார்கலி துணிந்துவிட்ட பெண். சுசீலாவின் அனார்கலி, துணிவதற்கு முன்னால் நடக்கப்போவதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டவள். எனக்கு இரண்டாவது பெண்ணைத்தான் அதிகம் பிடிக்கிறது.

இந்தப் பாட்டை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒரு கட்டிங் மாஸ்டர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வாலிபத்தில் பம்பாய்க்குப் போய், தாராவியில் ஒரு தையல் கடையில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். மராத்தா மந்திர் தியேட்டரில் முகல்-ஏ-ஆசம் பார்த்திருந்தார். படப்பெட்டியை யானை மேல் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய தியேட்டர் அது. யானையை அவர் பார்க்கவில்லை, பார்த்தவர்களிடம் கேட்டிருந்தார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

படத்தில் அவரை அசைத்தது போர்க்களமோ கண்ணாடி மாளிகையோ இல்லை, உடுப்புதான். ஆசிப் அதற்காக டெல்லியிலிருந்து தையல்காரர்களை வரவழைத்தார். எம்பிராய்டரிக்குச் சூரத், காம்பே பக்கத்து ஆட்கள். நகைக்கு ஹைதராபாத், கிரீடத்துக்குக் கோலாப்பூர், செருப்புக்கு ஆக்ரா. அண்ணாச்சி இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி, “டெல்லிக்காரன் தச்சான்லா, அவன் பேரு எங்கயாவது வந்துச்சா தம்பி?” என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு துணி அடுக்கின் பக்கம் போய்விடுவார்.

சீசன் ராத்திரிகளில் டேப் ரெக்கார்டரில் அவர் போடும் கேசட்டில் டப்பிங் படப் பாட்டுகள் மட்டுமே இருக்கும். ‘ஆன்’, ‘வானரதம்’, ‘அக்பர்’. மூன்றும் நௌஷாத் இசை. மூன்றுக்கும் தமிழில் பாட்டு எழுதியவர் கம்பதாசன். வானரதத்தில் லதாவே தமிழில் பாடியிருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்த எனக்கு, இதெல்லாம் டப்பிங் பாட்டு, சொல் ஒட்டாது என்று ஒரு இளக்காரம் இருந்தது. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. டேப்பை நிறுத்தினார்.

“பொம்பளையாளுக ஜாக்கெட் தைக்கக் குடுக்கும்போது அளவு ஜாக்கெட் குடுக்காங்கள்லா? கம்பதாசன் கைக்கு வந்தது வடக்கத்தி அளவு ஜாக்கெட்டு. கழுத்து, கை, இடுப்பு எல்லாம் அவன் வச்ச அளவு. இவரு கையில இருக்கறது நம்ம துணி. ஒரு நூலு கூடக் கூடாது, ஒரு நூலு கொறையக் கூடாது. போட்டுப் பாத்தா நம்ம பிள்ளைக்குன்னே தச்ச மாதிரி இருக்கணும். நீ தச்சுப் பாரு, அப்பறம் சொல்லு.”

அன்று ராத்திரி மிஷின்கள் நின்றிருந்த அந்தச் சில நிமிஷங்களில் அவர் அந்தப் பாட்டை முதலில் இந்தியில் முனகினார். பிறகு அதே இடங்களில் விரலை மேஜையில் தட்டிக்கொண்டு தமிழில் முனகினார். இந்தியில் முதல் சொல்லிலேயே விழுகிற நீண்ட ஆகாரம், தமிழிலும் முதல் சொல்லிலேயே விழுந்தது. பாடுகிறவள் வாய் திறந்து நிற்க வேண்டிய இடத்தில் தமிழும் வாய் திறந்தே நின்றது. மெட்டு எங்கே மூச்சு விடுகிறதோ, அங்கே தமிழ்ச் சொல்லும் முடிந்தது. அந்த ராத்திரிக்குப் பிறகு எந்த டப்பிங் பாட்டையும் நான் இளக்காரமாகக் கேட்டதில்லை.

நினைத்துப் பார்த்தால் பெரிய வேலைதான். நேரடிப் படத்துக்கு எழுதும் கவிஞர், சொல் அடங்காவிட்டால் இசையமைப்பாளரிடம் ஒரு சந்தத்தைக் கூட்டிக் கேட்கலாம், குறைத்துக் கேட்கலாம். டப்பிங்கில் மெட்டு ஏற்கெனவே உறைந்துவிட்டது. படத்தில் நடிகையின் உதடும் உறைந்துவிட்டது. உதடு மூடினால் பகரமோ மகரமோ வேண்டும். குறில் கேட்கும் இடத்தில் நெடில் வைத்தால் பாடகி திணறுவார். இத்தனைக்கும் நடுவில் தமிழ் தமிழாக இருக்க வேண்டும், அனார்கலிக்கு அழுகை வர வேண்டும். திண்டிவனத்துப் பக்கம் உலகாபுரத்தில் பிறந்த கம்பதாசன், தன்னளவில் நல்ல கவிஞர். நேரடித் தமிழ்ப் படங்களுக்கும் நிறைய எழுதினார். 1973-இல் மறைந்தார். அவர் பெயரைச் சொன்னால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே படத்தில் படே குலாம் அலி கானும் இருக்கிறார். அக்பர் அவையின் பாடகர் தான்சேனுக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். சினிமாவுக்குப் பாட விருப்பமில்லாமல், ஆசிப்பை விரட்டுவதற்காகவே ஒரு பாட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டார். ஆசிப் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார் என்பது பிரபலமான கதை. சலீமும் அனார்கலியும் தனித்திருக்க, சலீம் ஒரு வெண்சிறகால் அவள் முகத்தை வருடும் காட்சியில் அவர் குரல் எங்கிருந்தோ வருகிறது. ராகம் சோஹினி. நம் ஹம்சானந்திக்கு நெருங்கிய உறவு. இரவின் கடைசி யாமத்துக்கு உரியது என்று வடக்கே வகுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் தீபாவளி சரக்கைக் கட்டி லாரியில் ஏற்றுகிற நேரமும் அதுதான். அந்த நேரத்தில் சோஹினி கேட்டவனுக்கு அந்தக் கணக்கில் சந்தேகம் வராது.

தான்சேன் என்றதும் மழை ஞாபகம் வருகிறது. அவர் பாடி மழை பெய்தது என்று வடக்கே கதை. அதே கதை எங்கள் கரிசல் மண்ணிலும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வருகிற வழியில் வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்து மனம் பொறாமல் அமிர்தவர்ஷிணி பாடினார், மழை கொட்டியது என்பார்கள். இளவயதில் காசியில் வாழ்ந்தவர் அவர். வடக்கத்தி ராகங்களைக் காதில் வாங்கி, துவிஜாவந்தி, யமுனா கல்யாணி என்று நம் பக்கத்து உருவில் தந்தார். 1835-இல் தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மறைந்தார். சமாதி அங்கேயே இருக்கிறது. அந்த வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் அதே எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டார். ஆக, வடக்கே பிறந்த இசைக்கு இங்கே புதுச்சட்டை போட்டு அனுப்பும் வேலை, கம்பதாசனுக்கு முன்பே எங்கள் வட்டாரத்தில் நடந்திருக்கிறது. தீட்சிதருக்குக் கிடைத்த சுதந்திரம் கம்பதாசனுக்குக் கிடைக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

சரித்திரப் படம் என்றால் எங்கள் பக்கத்தில் வசனம்தான் முன்னால் வரும். பாஞ்சாலங்குறிச்சி பக்கத்து ஊர். கோயில் கொடையில் மைக் கட்டினால் 1959-இன் வீரபாண்டிய கட்டபொம்மன் வசனம் ஒலிக்கும். சின்னப் பையன்களுக்கும் அது மனப்பாடம். சலீமையும் முதலில் வசனமாகத்தான் அறிந்தோம். 1954-இல் வந்த ‘இல்லற ஜோதி’யில் ஒரு நாடகமாக அனார்கலி கதை வரும், சிவாஜி கணேசன்தான் சலீம். ஆனால் கோபத்தை வசனத்தில் சொல்லிவிடலாம், பயமின்மையைச் சொல்வது கடினம். அதற்குப் பாட்டு வேண்டும். அபுல் ஃபசல் எழுதிய அக்பர்நாமாவில் அனார்கலி இல்லை. இம்தியாஸ் அலி தாஜ் 1922-இல் எழுதிய உருது நாடகம்தான் அவளை ஊரெங்கும் கொண்டுபோனது. சரித்திரத்தில் இடம் கிடைக்காதவள் பாட்டில் நிலைத்துவிட்டாள். எங்கள் தையல் கூடங்களிலும் அவளுக்கு இடம் உண்டு. இடுப்புக்கு மேல் ஒட்டி, கீழே குடையாய் விரியும் அனார்கலி மாடலைச் சிறுமிகளின் அளவில் தைத்துத் தள்ளுகிறார்கள். அதைத் தைக்கும் பெண்களில் பலருக்கு அவள் யாரென்று தெரியாது.

2008-இல் ‘ஜோதா அக்பர்’ வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் இசைக்குத் தமிழ்ச் சொல் தந்தவர் நா. முத்துக்குமார். இந்தியில் ஜாவேத் அலி பாடிய பாட்டைத் தமிழில் ஸ்ரீநிவாஸ் பாடினார். காதலியின் முகத்தை முழுநிலவாகப் பார்க்கும் பாட்டு. அதை டப்பிங் பாட்டு என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நம்புவதில்லை. அவ்வளவு பொருத்தம். அண்ணாச்சி இருந்திருந்தால் தையலைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருப்பார். நா. முத்துக்குமாரும் 2016-இல், நாற்பத்தொரு வயதில் போய்விட்டார்.

எங்கள் ஊரில் தைத்த துணி வெளியூர்க் கடைகளின் லேபிளோடு போகிறது. தைத்தவள் பெயரை உள்பக்கத்தில்கூட யாரும் போடுவதில்லை. அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. பாட்டு விஷயத்தில் மட்டும் வழி இருக்கிறது. பழைய பாடல் நிகழ்ச்சி நடத்தும் அறிவிப்பாளர்களுக்கும், பாட்டை இணையத்தில் ஏற்றும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘அக்பர்’ பாட்டைப் போடும்போது இசை நௌஷாத், குரல் பி. சுசீலா என்று சொல்லிவிட்டு, பாடல் கம்பதாசன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.