மூச்சைக் காக்கும் கருவி

நொய்யல் பாயும் திருப்பூரை ஒட்டிய மண்ணரைக்கும் கடலுக்கும் இடையே தொலைவு மிகுதி. பின்னலாடைத் தொழிலே அவ்வூர் மக்கள் நன்கு அறிந்த தொழில். முத்துக்குளிப்பு அவர்கள் கேட்டறிந்ததேயன்றிக் கண்டறிந்தது அன்று. ஆயினும், கடலடியில் பயன்படும் அரிய கருவி ஒன்றனுக்கு நெருங்கிய உறவுடைய பொருள் அவ்வூர் அடுக்களைகளிலும் உண்டு. எரிவாயு உருளையின் தலைமேல் அமர்ந்திருக்கும் ரெகுலேட்டரே அப்பொருள். உருளைக்குள் அடைபட்ட வாயுவின் பேரழுத்தத்தைத் தணித்து, அடுப்புக்கு வேண்டிய அளவே விடுவது அதன் பணி. கடலில் மூழ்குவோர் முதுகில் சுமக்கும் காற்று உருளைக்கும் அத்தகைய ரெகுலேட்டர் ஒன்று வேண்டும். அடுக்களைக் கருவி அடுப்பை ஆளுகின்றது. கடலடிக் கருவியோ மனிதனின் மூச்சையே ஆளுகின்றது.

இவ்வுறவு வெறும் உவமை அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. மோட்டார் வண்டிகளை எரிவாயுவால் ஓட்டும் பொருட்டு, எமில் கான்யான் என்னும் பொறியாளர் ஒரு ரெகுலேட்டரை அமைத்திருந்தார். கடற்படை அலுவலராகிய ழாக் கூஸ்தோ 1942 டிசம்பரில் அவரைச் சந்தித்து, மூழ்குவோன் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவி ஒன்று வேண்டும் என்றார். கான்யான் தம் கருவியையே அதற்கேற்ப மாற்றித் தந்தார். 1943 ஜனவரியில் பாரிசு நகருக்கு அருகே மார்ன் ஆற்றில் முதற் சோதனை நடந்தது. கிடையாக நீந்தியபோது காற்று இனிது வந்தது. நிமிர்ந்தபோதோ அது வீணே பெருகி வெளியேறியது. தலைகீழாகத் திரும்பியபோது இழுப்பதே அரிதாயிற்று. இருவரும் மனந்தளராது காரணத்தை ஆராய்ந்தனர். காற்று வரும் இடமும் விட்ட மூச்சு வெளியேறும் இடமும் வெவ்வேறு ஆழத்தில் இருந்தமையே குறை என்று கண்டனர். இரண்டையும் அருகருகே அமைத்ததும் குறை நீங்கிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கூஸ்தோ மத்தியதரைக் கடலில் தடையின்றி மூழ்கி எழுந்தார்.

அதற்கு முன்னர்க் கடலடியைக் காண்பது எளிதாக இருந்ததில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கனத்த கல்லின் துணையால் ஆழத்திற்கு இறங்கி, ஒரே மூச்சு நீடிக்கும் சிறுபொழுதில் சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு மேலே வந்தனர். புதிய கருவி வந்தபின் அச்சிறுபொழுது நீண்டது. 1956ஆம் ஆண்டில் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கையின் திருக்கோணமலைக் கடலில் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டனர். 1960களில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்களாகிய மகாதேவனும் நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக் கடலடியில் உள்ள பாறைத் தரையையும் அங்கு வாழும் உயிர்களையும் நேரிற் கண்டு எழுதினர்.

அக்காலக் கருவிகளுள் பல இரட்டைக் குழாய் உடையவை. ஒரு குழாய் காற்றை வாய்க்குக் கொணரும். மற்றொன்று விட்ட மூச்சைப் பிடரிக்குப் பின்னே கொண்டு சென்று வெளியேற்றும். பின்னர் ஒற்றைக் குழாய்க் கருவிகள் வந்து உலகெங்கும் பரவின. ஆயினும் பழைய கருவிகளைத் தேடிப் பெற்றுப் புதுப்பிப்போர் இன்றும் உளர். முகத்தின்முன் குமிழிகள் எழுந்து பார்வையை மறைப்பதில்லை என்பது அவற்றின் சிறப்பு.

புதுப்பிக்கும் பணி எளிதன்று. புளியிட்டு விளக்கிய குத்துவிளக்கைப் போல் பித்தளை உறை பளபளக்கலாம். உள்ளே களிம்பு படிந்திருக்கலாம், உப்பு உறைந்திருக்கலாம், ரப்பர் இறுகி வெடித்திருக்கலாம். ஆதலின் திறமுடையோன் முதலில் கருவியை முற்றும் கழற்றி, உறுப்புகளைக் கழற்றிய முறையிலேயே வரிசையாக வைக்கின்றான். நீர்த்த காடியில் இட்டுக் களிம்பைப் போக்கி, நன்னீரில் அலசி உலர்த்துகின்றான். பழைய ரப்பர் வளையங்களும் சவ்வும் பார்வைக்கு நன்றாக இருப்பினும் அவற்றை விலக்கிப் புதியவற்றை இடுகின்றான். பொறிகளுக்கு இடும் எண்ணெயை அவன் தொடுவதே இல்லை. அது ரப்பரைக் கெடுக்கும். அதன் ஆவி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். சிலிக்கோன் பசையையே சிறிதளவு தடவுகின்றான்.

பிறகு சோதனை தொடங்குகின்றது. காற்றுப் புகும் வாயை அடைத்து, வாய்க்குழாயை மெல்ல உறிஞ்சிப் பார்க்கின்றான். காற்று சிறிதேனும் வருமாயின் எங்கோ பிளவு உண்டு. அடுத்து, காற்று நிறைந்த உருளையில் கருவியைப் பொருத்துகின்றான். அவ்வுருளையும் அழுத்தச் சோதனையில் தேறியதாக இருத்தல் வேண்டும். இருபடியாக அழுத்தத்தைத் தணிக்கும் கருவியாயின், முதற்படியில் அது ஏறத்தாழ 9 அல்லது 10 வளிமண்டல அளவுக்கு இறங்க வேண்டும். அழுத்தமானியின் முள் அங்கேயே நிற்றல் வேண்டும். மெல்ல மெல்ல மேலேறினால் வால்வு சரியாக மூடவில்லை என்பது பொருள். மூச்சை இழுக்க எவ்வளவு முயற்சி வேண்டும் என்பதை நீர் நிரப்பிய வளைகுழாயால் அளக்கின்றான். நீர்மட்டம் சில சென்டிமீட்டர் அசைவதற்குள் காற்று வரத் தொடங்க வேண்டும். பின்னர்த் தொட்டிநீரில் கருவியை அமிழ்த்துகின்றான். கடுகளவு குமிழி தொடர்ந்து எழுந்தாலும் மீண்டும் கழற்றுகின்றான். யாவும் தேறிய பின்னரே, பயிற்சி பெற்ற துணைவர் ஒருவருடன் ஆழமில்லாக் குளத்தில் இறங்கிப் பார்க்கின்றான். கடல் அதற்கும் பிறகே.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? கடலில் 10 மீட்டர் இறங்கியதும் உடல்மீதுள்ள அழுத்தம் இருமடங்காகின்றது. 20 மீட்டர் ஆழத்தில் காற்று நின்றுவிட்டால் மூழ்கியவன் என் செய்வான்? அஞ்சி மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து எழுந்தால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதனைக் கிழித்துவிடும். மேசைமீது ஒரு குமிழியாகத் தோன்றும் குறை, ஆழத்தில் ஓர் உயிரைக் கொள்ளும் குறையாகும்.

எவ்வளவு முயன்றும் சில கருவிகள் தேறுவதில்லை. உடல் அரிக்கப்பட்டிருக்கும், அல்லது உரிய உறுப்பு கிடைக்காது. பல நாள் உழைத்தவனுக்கு அது வருத்தம் தரும். ‘ஒருமுறை மட்டும் மூழ்கிப் பார்த்தால் என்ன?’ என்று உள்ளம் தூண்டும். அந்நேரத்தில் அதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டு எழுபவனே உண்மைத் தொழிலாளன். பழம்பொருளைப் போற்றுவது பண்பு. ஆயின் அதனிடம் உயிரை ஒப்படைக்கப் பழமை தகுதியாகாது, பளபளப்பும் தகுதியாகாது. இன்று சோதித்துத் தேறியது என்பது ஒன்றே தகுதி. நீராவிக் கலத்தைக் காப்பவனும், பேருந்தின் தடையைச் செப்பனிடுபவனும், பிறர் உயிர் தம் கையில் இருப்பதை உணர்ந்து பணி செய்யும் யாவரும் கடைப்பிடிக்க வேண்டிய நெறி இதுவே அன்றோ!