நன்னடத்தைச் சீட்டு

அயல்நாட்டில் குடியேற விரும்புகிறவர் தாம் யோக்கியர் என்று தாமே சொன்னால் போதாது. போலீஸ் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு, 16 வயதுக்குமேல் ஓராண்டோ அதிகமோ வாழ்ந்த ஒவ்வோர் அந்நிய நாட்டின் போலீஸ் சர்டிபிகேட்டும் வேண்டும். சில நாடுகள் அதற்கு விரல் ரேகையும் கேட்கின்றன.

துபாயில் ஐந்து வருஷம் உழைத்துவிட்டு, அமெரிக்காவிலுள்ள மனைவியிடம் போகவிருந்த கம்பத்துப் பையன் ஒருவன் படிவம் நிரப்ப என்னிடம் வந்தான். கூடவே அவன் அப்பத்தா. 'ரேகை' என்றதும் கிழவி பதறிவிட்டாள்.

"வைக்காதடா ராசா!"

காரணம் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வெள்ளைக்காரச் சர்க்கார் பிரமலைக் கள்ளர்களிடம் ரேகை எடுத்தது. ஆண்கள் இரவில் போலீஸ் காவலில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்களைச் சுட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. தகப்பன் வீட்டில் படுத்துறங்கிய இரவே சிறுமியாக அவள் கண்டதில்லை.

அந்தச் சீட்டு பிறப்பைப் பார்த்தது; இது நடத்தையைப் பார்க்கிறது. பையன் பொறுமையாகச் சொன்னான்: "அப்பத்தா, நான் குத்தம் எதுவும் செய்யலைன்னு போலீசே எழுதித் தர்ற சீட்டு இது."

கிழவி சற்று யோசித்தாள்.

"எங்க அப்பனுக்கும் ஒண்ணு வாங்கித் தர முடியுமாடா?"